இலவச க்யூபாத் எப்படி? டெல்டா ஆய்வு மாணவர்களுக்கு ஒரு மதிப்புரை

மருத்துவப் படப் பகுப்பாய்வில் முனைவர் பட்டம் செய்யலாம் என்று கிளம்பும் பிள்ளைகள் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் இப்போது நிறையப் பேர். பெரும்பாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்கள். எடுத்த எடுப்பில் பைத்தானைத் திறந்து, யாரோ வெட்டி வைத்த சின்னச் சின்னப் படத்துண்டுகளை ஒரு நியூரல் நெட்வொர்க்குக்குத் தீனியாகப் போட்டு, துல்லியம் தொண்ணூற்றுச் சொச்சம் என்று எழுதிவிடுகிறார்கள். கண்ணாடியில் வைத்த திசு முழுவதையும் ஸ்கேன் செய்த படம், அதாவது முழு ஸ்லைடு, ஒன்றைத் திறந்து பார்த்ததே இருக்காது. அந்தக் குறைக்கு மருந்து க்யூபாத்: திசு ஸ்லைடின் படத்தைத் திறந்து, செல்களை எண்ணி அளக்க உதவும் மென்பொருள். ஐந்துக்கு நான்கு மதிப்பெண். அந்த ஒன்றை ஏன் பிடித்துக்கொண்டோம் என்பதுதான் இந்த மதிப்புரையில் பாதி.

பீட்டர் பேங்க்ஹெட் பெல்ஃபாஸ்ட்டில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது உருவான மென்பொருள் இது. 2017-இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் கட்டுரையாக வந்தது. இப்போது எடின்பரோ பல்கலைக்கழகத்தில் வளர்கிறது. காசு கிடையாது, மூல நிரல் திறந்தே கிடக்கிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அதில் வாடகை, சாப்பாடு போக மிச்சத்தைக் கொண்டு பேத்தாலஜி (நோய்த்திசு ஆய்வு) மென்பொருள் உரிமம் வாங்கும் கதை நடக்காது என்பதால், இலவசம் என்பது இங்கே சின்ன விஷயமில்லை.

சாதாரணப் பட மென்பொருள் ஏன் போதாது என்பதற்கு ஒரு கணக்கு. 40 மடங்கில் ஸ்கேன் செய்த ஸ்லைடில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.25 மைக்ரான். திசு 15 மில்லிமீட்டருக்கு 15 மில்லிமீட்டர் என்றால் பக்கத்துக்கு 60,000 பிக்சல், மொத்தம் 360 கோடி. பிக்சலுக்கு 3 பைட் வீதம் கிட்டத்தட்ட 11 ஜிபி. 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப் இதை ஒரே மூச்சில் விழுங்க முடியாது. க்யூபாத் விழுங்குவதும் இல்லை. ஸ்கேனர் கோப்புக்குள் அதே படம் பல அளவுகளில் அடுக்கடுக்காக இருக்கும். திரையில் தெரியும் துண்டை மட்டும் அந்தந்த அடுக்கிலிருந்து எடுத்துக் காட்டுகிறது. அதனால்தான் சாதாரண லேப்டாப்பிலும் ஸ்லைடு வழுக்கிக்கொண்டு நகர்கிறது.

நிறுவுவதில் சொல்ல ஒன்றுமில்லை. ஜாவா உள்ளேயே வருகிறது, தனியாகத் தேடவேண்டாம். முதல் ஸ்லைடுக்கு ஸ்லைடு கோப்புகளைப் படிக்கும் நிரலான ஓபன்ஸ்லைடின் திட்டத்தார் சோதனைக்கெனத் தரும் சிஎம்யூ-1 கோப்பை எடுங்கள். சுமார் 170 எம்பி, 46,000-க்கு 32,914 பிக்சல், பிக்சலுக்கு 0.499 மைக்ரான். செல்போன் ஹாட்ஸ்பாட்டிலேயே இறங்கிவிடும். மார்பகப் புற்றுநோயாளிகளின் நிணநீர்க் கணு ஸ்லைடுகள் அடங்கிய கேமலியான் மாதிரித் தரவுத்தொகுப்பை முதல் நாளே இறக்க உட்காராதீர்கள். அது நூற்றுக்கணக்கான ஜிபியையும் தாண்டும், வீட்டு இணைப்பில் நாற்று நட்டு அறுவடையே முடிந்துவிடும்.

இனி வேலை. திசுப் படத்தைத் திறந்ததும் இது என்ன வகைப் படம் என்று கேட்கும். ஹெமடாக்ஸிலின்–ஈயோசினா, ஹெமடாக்ஸிலின்–டாபா, ஃப்ளோரசன்ஸா என்று சரியாகச் சொல்ல வேண்டும். ஹெமடாக்ஸிலின் உட்கருவை நீலமாக்கும் சாயம், ஈயோசின் மற்றதை இளஞ்சிவப்பாக்குவது, டாப் தேடும் புரதத்தைப் பழுப்பாக்குவது, ஃப்ளோரசன்ஸ் ஒளிரும் சாயம். தவறாகச் சொன்னால் பின்னால் வருவதெல்லாம் தவறு. ஏனென்றால் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களிலிருந்து எவ்வளவு ஹெமடாக்ஸிலின், எவ்வளவு ஈயோசின் என்று பிரிப்பது இந்தத் தேர்வை நம்பித்தான். ரூய்ஃப்ராக், ஜான்ஸ்டன் இருவரும் 2001-இல் சொன்ன கணக்கு அது. வெளிச்சம் எவ்வளவு குறைந்தது என்பதை லாகரிதத்தில் எடுத்தால் சாயத்தின் அளவு நேர்க்கோட்டில் கூடும். அதை ஒவ்வொரு சாயத்தின் நிறத் திசையில் பிரித்துவிடலாம். க்யூபாத்தில் முன்கூட்டியே ஒரு திசை வைத்திருக்கிறார்கள். அது உங்கள் ஆய்வகத்துச் சாயத்தின் திசை இல்லை.

இதைத்தான் நிறையப் பேர் தாண்டிப்போகிறார்கள். 'எஸ்டிமேட் ஸ்டெயின் வெக்டார்ஸ்' என்ற கட்டளை அதற்காகவே இருக்கிறது. இரண்டு சாயமும் தெரிகிற, கொஞ்சம் வெற்றுக் கண்ணாடியும் உள்ள சின்னச் சதுரம் ஒன்று வரையுங்கள். கட்டளையைக் கொடுத்ததும், பின்னணி நிறமாக இந்தச் சதுரத்தில் அதிகம் வரும் நிறத்தை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். சதுரத்தில் வெற்றிடம் இருந்தால்தான் அதற்கு ஆமாம் சொல்லலாம். முழுக்கத் திசுவாக இருந்தால் ஈயோசின் இளஞ்சிவப்பையே வெளிச்சம் என்று நம்பிக்கொள்ளும். பிறகு 'ஆட்டோ' பொத்தானை அழுத்துங்கள். பேனா மைக் கோடு, மடிந்த திசு, காற்றுக் குமிழி, பழுப்பேறிய ரத்தம் எதுவும் சதுரத்துக்குள் வரக்கூடாது.

ஆய்வகத்துக்கு ஆய்வகம் இது மாறுவதற்குக் காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. ஹெமடாக்ஸிலின் தோய்த்த ஸ்லைடைக் காரத்தன்மையுள்ள தண்ணீரில் வைத்துத்தான் நீலமேற்றுகிறார்கள். பல இடங்களில் அது குழாய்த் தண்ணீர். நாகப்பட்டினத்துக் கரையோரத் தண்ணீரும் கும்பகோணத்து ஆற்றங்கரைத் தண்ணீரும் ஒன்றா? தண்ணீர் மாறினால் நீலம் மாறும். வெட்டின் தடிமன் 4 மைக்ரானிலிருந்து 6 ஆனால் அடர்த்தி ஏறும். ஒரு மருத்துவமனை ஸ்லைடில் ஒழுங்காக எண்ணிய அமைப்பு, அடுத்த மருத்துவமனை ஸ்லைடில் பாதி உட்கருவைத் தவறவிடுவதற்கு இதற்கு மேல் மர்மம் எதுவும் தேவையில்லை. ஒரே இடத்திலிருந்து வந்த ஸ்லைடுகளை ஒரு தொகுதியாக வைத்து, தொகுதிக்கு ஒரு முறை சாயத் திசையைக் கணக்கிட்டு, அந்தத் தொகுதி முழுவதற்கும் அதையே பயன்படுத்துங்கள். ஸ்லைடுக்கு ஸ்லைடு மாற்றினால் நோயின் வேறுபாட்டையே சாய வேறுபாடு என்று அழித்துவிட வாய்ப்புண்டு.

அடுத்தது 'செல் டிடெக்‌ஷன்'. இந்த மென்பொருளின் பேர் நிற்பது இதில்தான். திறந்தால் பத்துப் பன்னிரண்டு கட்டங்கள் வரும். பயப்பட வேண்டாம், நான்கைத் தொட்டால் போதும். சிக்மா 1.5 மைக்ரான் என்று இருக்கும்: படத்தை எவ்வளவு மழுக்க வேண்டும் என்பது. ஒரே உட்கரு இரண்டு மூன்றாக உடைந்தால் சிக்மாவைக் கூட்டுங்கள், பக்கத்துப் பக்கத்து உட்கருக்கள் ஒட்டிக்கொண்டால் குறையுங்கள். த்ரெஷோல்டு 0.1: வெளிறிய உட்கருக்கள் விட்டுப்போனால் இதைக் குறைக்க வேண்டும். குறைந்தபட்சப் பரப்பு 10, அதிகபட்சம் 400 சதுர மைக்ரான்: தூசு எண்ணிக்கையில் ஏறினால் முதலாவதைக் கூட்டுங்கள். செல் எக்ஸ்பான்ஷன் 5 மைக்ரான்: இது செல்லின் உண்மையான எல்லை கிடையாது. உட்கருவைச் சுற்றி 5 மைக்ரான் வீங்கவைத்து, பக்கத்துச் செல் வந்தால் நிறுத்திக்கொள்கிற ஊகம். அதை வைத்து 'செல்லின் பரப்பு' என்று ஆய்வேட்டில் அட்டவணை போட்டால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

நடவு வயல் மாதிரி இடைவெளி விட்ட திசுவில் இந்தக் கருவி நன்றாகவே எண்ணும். நாற்றங்கால் மாதிரி நெருக்கமான இடத்தில், அதாவது நிணநீர்க் கணுவிலும் அழற்சி கூடிய இடத்திலும், தடுமாறும். நூல் மாதிரி நீண்ட ஃபைப்ரோபிளாஸ்ட் (நார்த்திசுச் செல்) உட்கருவையும் துண்டு துண்டாக்கும். அங்கே ஸ்டார்டிஸ்ட் என்ற நீட்சியை, அதாவது கூடுதல் கருவியை, ஏற்றிக்கொள்ளுங்கள். உட்கருக்கள் ஏறக்குறைய குவிந்த வடிவம் என்று எடுத்துக்கொண்டு, நடுவிலிருந்து பல திசைகளில் எல்லை எவ்வளவு தூரம் என்று கணிக்கும் முறை, 2018-இல் வந்தது. நெருக்கத்தில் இது தெளிவாகவே மேல். ஆனால் நெளிந்த, குழிந்த வடிவங்களுக்கு அதன் அடிப்படையே ஒத்துவராது.

டாப் சாயமிட்ட ஸ்லைடில், செல் பெருகுவதைக் காட்டும் கேஐ-67 புரதம் மாதிரி ஒன்றுக்கு, பழுப்பேறிய (பாசிட்டிவ்) உட்கருக்களின் விகிதம் எடுப்பவர்களுக்கு 'பாசிட்டிவ் செல் டிடெக்‌ஷன்'. இங்கே ஒரு பொறி. ஹெமடாக்ஸிலினை மட்டும் வைத்து உட்கருவைத் தேடச் சொன்னால், பழுப்பு அப்பிக்கொண்ட பாசிட்டிவ் உட்கருக்களே விட்டுப்போகலாம். விகிதம் தானாகக் குறையும். 'ஆப்டிகல் டென்சிட்டி சம்' என்ற தேர்வில் இரண்டு சாயமும் சேர்ந்து வரும், அதை எடுங்கள். பாசிட்டிவ் வரம்புகள் 0.2, 0.4, 0.6 என்று தயாராக நிற்கும். அவை தொடக்கப்புள்ளி மட்டுமே. பேத்தாலஜிஸ்ட் ஒருவர் கண்ணால் எண்ணிய ஐந்தாறு இடங்களோடு ஒப்பிட்டு வரம்பை நிலைப்படுத்திவிட்டு, பிறகு அதைத் தொடக்கூடாது. முடிவைப் பார்த்துவிட்டு வரம்பை நகர்த்துவது கள்ளத் தராசு.

இப்போது பிடித்துக்கொண்ட மதிப்பெண்ணுக்கு வருவோம். க்யூபாத் எதைக் கொடுத்தாலும் எண்ணித் தரும். பிக்சல் எத்தனை மைக்ரான் என்றே தெரியாத ஜேபெக் படத்தைக் கொடுத்தாலும் தரும். அப்போது அதே கட்டங்கள் மைக்ரானுக்குப் பதில் பிக்சலில் கேட்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நம் ஊரில் விளைச்சலை மாவுக்கு எத்தனை மூட்டை என்றுதான் பேசுவார்கள். மூன்று மா ஒரு ஏக்கர் என்று அறியாதவனிடம் 'எட்டு மூட்டை' என்றால் அவன் என்ன புரிந்துகொள்வான்? சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை செல் என்பதும் அப்படித்தான். பிக்சல் அளவு இரண்டு மடங்கு பிசகினால் பரப்பு நான்கு மடங்கு பிசகும்.

ஸ்லைடு ஸ்கேனர் எட்டாத கல்லூரியில், மைக்ராஸ்கோப்பில் கேமராவையோ செல்போனையோ மாட்டித்தான் படம் எடுப்பார்கள். க்யூபாத் அதற்கும் உதவும், அளவுகோலை நீங்கள் கொடுத்தால். ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் என்ற கண்ணாடி ஒன்று வாங்குங்கள்: ஒரு மில்லிமீட்டரை 100 பாகமாகக் கோடிட்டது, ஒரு பாகம் 10 மைக்ரான். எந்த ஆப்ஜெக்டிவில் படம் எடுப்பீர்களோ அதே ஆப்ஜெக்டிவில், அதே கேமராவில், அதே அடாப்டரில் அதைப் படமெடுத்து, சரியாகப் பத்து பாகத்தின் நீளத்துக்கு ஒரு கோடு இழுங்கள். 640 பிக்சல் வந்தால் 100-ஐ 640-ஆல் வகுக்க, பிக்சலுக்கு 0.156 மைக்ரான். 'இமேஜ்' தாவலில் பிக்சல் அகலம் என்ற வரியை இருமுறை சொடுக்கி இதை எழுதலாம். ஆப்ஜெக்டிவ் மாறினால் மறுபடி அளக்க வேண்டும். செல்போனில் டிஜிட்டல் ஜூம் தொட்டாலும் மறுபடி.

செல்போன் என்றால் ப்ரோ மோடில் வெள்ளைச் சமநிலையையும் எக்ஸ்போஷரையும் பூட்டுங்கள், ஹெச்டிஆரை அணையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் போன் தன் இஷ்டத்துக்கு நிறத்தை அழகுபடுத்தும். சாயப் பிரிப்பு மொத்தமும் வீண். இதைவிடப் பெரிய தொல்லை வாட்ஸ்அப். லேப் டெக்னீஷியன் அனுப்பிய 4,000 பிக்சல் அகலப் படம் 1,600 ஆகச் சுருங்கி வந்தால் பிக்சல் அளவு 2.5 மடங்கு, பரப்புக் கணக்கு 6.25 மடங்கு தப்பு. படத்தைப் பார்த்தால் எதுவும் தெரியாது. டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென் டிரைவ்.

அளவுகோல் சரிதானா என்று பார்க்க யானைக்கால் ஸ்லைடு நல்ல சாட்சி. யானைக்காலுக்குப் பேர்போன கும்பகோணத்துப் பக்கம் கற்பிக்கும் ஸ்லைடுகளில் யானைக்கால் புழுவான உச்சரேரியா பேன்கிராஃப்டியின் இளம்புழு, அதாவது மைக்ரோஃபைலேரியா, கிடைக்காமல் இருக்காது. சாயமிட்ட ரத்தப் பூச்சில் அதன் நீளம் 244 முதல் 296 மைக்ரான், அகலம் 7.5 முதல் 10. பாலிலைன் கருவியால் தலையிலிருந்து வால் வரை வளைவு வளைவாகச் சொடுக்குங்கள். அனோட்டேஷன் (நீங்கள் படத்தின் மேல் வரைந்தது) அளவுகளில் நீளம் மைக்ரானில் வரும். 130 வந்தால் புழு குட்டையில்லை, உங்கள் அளவுகோல்தான் பாதி. புழு இல்லாத மெல்லிய ரத்தப் பூச்சில் சிவப்பணுவைப் பாருங்கள், 7 மைக்ரானைச் சுற்றி நிற்க வேண்டும். ஆனால் இந்தப் புழுவை எண்ண செல் டிடெக்‌ஷனை ஏவாதீர்கள்; புழுவின் உடலுக்குள் வரிசையாக இருக்கும் உட்கருக்களையும் பக்கத்து வெள்ளணுக்களையும் கலந்து எண்ணிவைக்கும். புழு, பின்னணி, வெள்ளணு என்று மூன்று வகை வரைந்து காட்டி, ஒவ்வொரு பிக்சலையும் வகை பிரிக்கும் பிக்சல் கிளாசிஃபையரைப் பயிற்றுவிப்பதே வழி.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இன்னொன்று. ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். படம் மங்கும், சில இடம் கறுக்கும். க்யூபாத் ஒரு படம் முழுவதற்கும் ஒரே பின்னணி வெளிச்சத்தைத்தான் வைத்துக் கணக்கிடுகிறது என்பதால் கறுத்த இடத்துச் செல் எல்லாம் அதிகச் சாயம் ஏறியதாக வரும். வெற்றுக் கண்ணாடியை அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து, ஃபிஜி என்ற இலவசப் பட மென்பொருளில் திசுப் படத்தை அதனால் வகுத்து, வெற்றுப் படத்தின் சராசரியால் பெருக்கிவிட்டு, பிறகு க்யூபாத்துக்குக் கொண்டுவாருங்கள். லென்ஸைத் துடைப்பது அதற்கும் முன்னால்.

மெச்ச வேண்டிய அம்சம் 'வொர்க்ஃப்ளோ' தாவல். நீங்கள் சொடுக்கியது ஒவ்வொன்றும், எந்த எண்ணோடு என்பதும் சேர்த்து, அங்கே பதிவாகிறது. 'கிரியேட் ஸ்கிரிப்ட்' அழுத்தினால் அதுவே க்ரூவி மொழி நிரலாகிவிடும். வேண்டாத வரிகளை நீக்கி, 'ரன் ஃபார் புராஜெக்ட்' கொடுத்தால் நாற்பது ஸ்லைடும் ஒரே விதியில் ஓடும். எந்த ஸ்லைடிலும் கை கூடக் குறைய விளையாடவில்லை என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை. க்ரூவி பைத்தான் இல்லையே என்று முகம் சுளிப்பார்கள். பத்துப் பதினைந்து வரி, ஒரு வாரத்தில் பழகிவிடும்.

எரிச்சலூட்டுபவையும் உண்டு. வேலையைச் சேமிப்பது உங்கள் பொறுப்பு. ஆடுதுறையில் கரண்ட் போய், லேப்டாப்பில் பேட்டரியும் செத்திருந்தால் இரண்டு மணி நேர அனோட்டேஷன் கோவிந்தா. புராஜெக்ட் கோப்பில் படம் இருக்காது, படம் இருக்கும் முகவரி மட்டுமே இருக்கும். ஹார்டு டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் செருகினால் டிரைவ் எழுத்து மாறி, படத்தைக் காணோம் என்று நிற்கும்; வரும் பெட்டியில் புதிய முகவரியைக் காட்டினால் சரியாகும். 8 ஜிபி ராமில் முழு ஸ்லைடுக்கும் செல் தேடச் சொன்னால் செல்கள் லட்சக்கணக்கில் ஏறி மூச்சு முட்டும். ஒரு மில்லிமீட்டர் சதுரமாக ஐந்தாறு இடம் வரைந்து அதற்குள் மட்டும் ஓட்டுங்கள். அந்த இடங்களை எந்த விதிப்படி தேர்ந்தீர்கள் என்பதை எண்ணுவதற்கு முன்பே எழுதிவையுங்கள். கேஐ-67-இல் செறிவான இடமும் ஸ்லைடு சராசரியும் வெவ்வேறு விடைகள். இது ஆய்வுக்கான மென்பொருள் என்பதையும் மறக்கக்கூடாது, நோயாளிக்கு ரிப்போர்ட் எழுத இல்லை.

மருத்துவமனை ஸ்லைடு கையில் வரும்போது கவனம். எஸ்விஎஸ் மாதிரி ஸ்கேனர் கோப்புகளுக்குள் ஸ்லைடின் லேபிள் தனிப் படமாக ஒளிந்திருக்கும், அதில் நோயாளியின் பெயரோ பயாப்ஸி எண்ணோ கையெழுத்தில் இருக்கலாம். கோப்பின் பெயரை மாற்றினால் அது போகாது. 'இமேஜ்' தாவலில் இணைப்புப் படங்களைத் திறந்து பார்த்து, இருந்தால் கொடுத்த ஆய்வகத்திடமே நீக்கித் தரச் சொல்லுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைப்படி நெறிக்குழு அனுமதி இல்லாமல் ஸ்லைடைத் தொடவே கூடாது என்பது தனி.

டீப் லேர்னிங் மாடலைப் பயிற்றுவிக்கும் இடம் க்யூபாத் இல்லை. அனோட்டேஷன்களை ஜியோஜேசன் என்ற எழுத்துக் கோப்பாகவோ, படத்துண்டும் எந்தப் பிக்சல் எந்த வகை என்று குறிக்கும் அதன் முகமூடியுமாகவோ வெளியே எடுத்து, பயிற்சியைப் பைத்தானில் செய்யவேண்டும். வெளியே எடுக்கும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. பத்து நோயாளிகளின் ஸ்லைடிலிருந்து ஐயாயிரம் துண்டு வெட்டி, அவற்றைக் குலுக்கிப் போட்டுப் பயிற்சிக்குப் பாதி, தேர்வுக்குப் பாதி என்று பிரித்தால், ஒரே நோயாளி இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பார். மாடல் நோயைக் கற்கவில்லை, அந்த ஸ்லைடின் சாயத்தை மனப்பாடம் செய்கிறது. துண்டைப் பிரிக்காமல் நோயாளியைப் பிரியுங்கள். கோப்பின் பெயரிலேயே நோயாளிக் குறியீடு முதலில் வரும்படி வைத்தால் இந்தத் தவறு நடக்காது.

பழகுவதற்கு மோநூசெக் நல்லது. ஐஐடி குவாஹாத்திக் குழு 2017-இல் வெளியிட்ட தொகுப்பு: 30 படங்கள், ஒவ்வொன்றும் 1,000-க்கு 1,000 பிக்சல், ஏழு உறுப்புகள், கையால் எல்லை வரைந்த 21,623 உட்கருக்கள். செல் டிடெக்‌ஷனை இதில் ஓட்டி, இரண்டு வரைவும் எவ்வளவு பொருந்துகின்றன என்று சொல்லும் டைஸ் எண்ணைக் கணக்கிடுங்கள். அவர்கள் வரைந்த பரப்பு 100, உங்களுடையது 120, பொதுவானது 88 என்றால், 88-இன் இரு மடங்கான 176-ஐ, 100-உம் 120-உம் சேர்ந்த 220-ஆல் வகுக்க 0.8. இதையே வெட்டு–சேர்ப்பு விகிதத்தில், அதாவது பொதுப் பரப்பை இரண்டும் சேர்ந்து மூடும் பரப்பால் வகுத்துச் சொன்னால், 88-ஐ 132-ஆல் வகுக்க 0.67. ஒரே முடிவுக்கு இரண்டு எண். இரண்டு கட்டுரைகளை ஒப்பிடும்போது யார் எதைச் சொல்கிறார் என்று பாருங்கள். ஸ்டார்டிஸ்ட்டின் ஹெமடாக்ஸிலின்–ஈயோசின் மாடலை மட்டும் இதில் சோதிக்காதீர்கள். அது இந்தப் படங்களிலேயே படித்து வந்த பிள்ளை.

கடைசியாக, இறக்கிய பதிப்பின் எண்ணைக் குறித்துவைத்து, ஆய்வேட்டில் முறைகள் பகுதியில் எழுதுங்கள். பழைய நிறுவல் கோப்பை அழிக்காமல் பென் டிரைவில் போட்டுவையுங்கள். புதுப் பதிப்பு வந்ததும் இருபதாவது ஸ்லைடில் மாறிக்கொண்டால், முதல் பத்தொன்பதையும் மறுபடி ஓட்ட வேண்டிவரும்.